வயது என்ன, ஊர் எது?

ரயிலில் எதிரே வந்து உட்காருகிறவரிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்பது. இரண்டாவது, "சொந்த ஊர் எது?" என்பது. கொஞ்சம் பழகிவிட்டால் வயதைக் கேட்கிறோம். மனிதர்களிடம் இந்தக் கேள்விகள் பெரிய தொல்லை எதுவும் தருவதில்லை. ஊரைச் சொல்லிவிடுவார்கள், வயதில் நாலைந்து குறைத்துச் சொல்வார்கள், நாமும் தெரிந்துகொண்டே தலையாட்டுவோம். பழைய பொருள்களிடம் இதே கேள்விகளைக் கேட்கப் போனால்தான் விஷயம் சிக்கலாகிவிடுகிறது. பொருள் வாய் திறக்காது. அதற்குப் பதிலாக நாலு பேர் வாய் திறப்பார்கள். வைத்திருப்பவர் ஒரு வயது சொல்வார். வாங்க வந்தவர் அதில் பாதி சொல்வார். வாங்கிய மறுநாள் அவரே அதை இரண்டு மடங்காக்கிச் சொல்வார். நாலாவது ஆள், எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பழைய சதுரங்கக் காய்களைப் பற்றிப் படிக்கிற பைத்தியம் உண்டு. காய்களைச் சேர்க்கிற வசதி இல்லாததனால் அவற்றைப் பற்றிய புத்தகங்களோடு திருப்தியடைகிறவன். ஆட்டத்தில் நான் சூரனும் அல்ல. எங்கள் வீட்டுப் பையன் பன்னிரண்டாவது வயதிலேயே என்னை இருபது நகர்த்தலுக்குள் கட்டிப்போட ஆரம்பித்துவிட்டான். ஆனால் ஒரு ராஜாவைக் கையில் எடுத்தால் அது எந்த நாட்டு ராஜா, சுமாராக எந்தக் காலத்து ராஜா என்று சொல்லிவிட முடியும் என்ற ஒரு சிறு கர்வம் என்னிடம் இருக்கிறது. இந்தக் கர்வத்தைத் தெரிந்துவைத்திருந்த ஆரணி நண்பர் ஒருவர், சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் கடிதம் எழுதினார். தம் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டில் பழைய சதுரங்கப் பெட்டி ஒன்று இருப்பதாகவும், அந்த வீட்டுப் பேரன் அதை விற்கப் பார்ப்பதாகவும், நான் வந்து பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு உபகாரமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

ஆரணியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள்: ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. சரித்திரம் படித்தவர்கள் மூன்றாவதாகக் கோட்டையைச் சொல்வார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற இந்த ஊரை பீஜப்பூர் சுல்தான்கள் காலத்தில் ஜாகீராகப் பெற்றது வேதாஜி பாஸ்கர பந்த் என்பவரின் மராட்டிய வம்சம். 1751இல் கிளைவ் இங்கே சண்டையிட்டான். 1782இல் ஹைதர் அலியும் கும்பினித் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். பக்கத்தில் சத்தியவிஜய நகரத்தில் ஜாகீர்தார்களின் அரண்மனை இருக்கிறது. ஆகவே ஆரணியில் ஒரு பழைய சதுரங்கப் பெட்டி இருக்கிறது என்றால், அதற்கு ஒரு ராஜா கதையும் இருக்கத்தான் வேண்டும்.

இருந்தது. கூடத்தில் குழித்தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார வைத்து, பெரியவர் சொன்னார்:

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா நெய்ஞ்ச அங்கவஸ்திரத்தைப் பார்த்துட்டு ஜாகீர்தார், 'என்னாப்பா வேணும் உனக்கு?'ன்னு கேட்டாராம் சார். இவுரு ஒண்ணும் கேக்கலியாம். எதிர்ல ஆடிக்கிட்டு இருந்த காயை அப்படியே பொட்டியோட எடுத்துக் குடுத்துட்டாராம். தந்தம் சார். முந்நூறு வருசம் இருக்கும்னு சொல்லுவாங்க."

மருமகள் பெட்டியைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். ஆயுத பூஜையன்று நாடாவுக்கும் அச்சுக்கும் பொட்டு வைக்கும்போது இந்த ராஜாவுக்கும் ஒரு பொட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கமாம். வெள்ளை ராஜாவின் மார்பில் பழைய குங்குமம் கோடு கோடாகப் படிந்திருந்தது.

பெட்டியைத் திறந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வித்தையில் மந்திரம் எதுவும் இல்லை.

நம் நாட்டில் பழைய நாளில் செய்த சதுரங்கக் காய்கள் பல வகை. முஸ்லிம் அரண்மனைகளில் ஆடியவை உருவமே இல்லாத, கும்பமும் கோபுரமுமாகக் கடைந்த காய்கள். வங்காளத்தில் முர்ஷிதாபாத்துக்கு அருகிலுள்ள பெர்ஹாம்பூரில் தந்தச் செதுக்கர்கள் கும்பினி துரைகளுக்கென்று ஒரு வகை செய்தார்கள். ஒரு பக்கம் கும்பினிச் சிப்பாய்கள், மறு பக்கம் நம் ராஜாவின் படை. ராஜாக்கள் அம்பாரியில் உட்கார்ந்திருப்பார்கள். துரைகள் ஊருக்குத் திரும்பும்போது ஞாபகார்த்தமாக வாங்கிப் போவார்கள். நம்மை ஜெயித்ததை மேஜையில் வைத்து மறுபடி மறுபடி ஜெயிக்கலாம் அல்லவா! விசாகப்பட்டினத்துக் காய்கள் வேறு. மெல்லிய வேலைப்பாடு, ஐரோப்பிய உருவம், இந்தியக் கை.

ஆரணிப் பெட்டியிலிருந்தவை இவை எதிலும் சேரவில்லை. வெள்ளை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். ராஜாவும் ராணியும் பீப்பாய் போல் உப்பிய வயிற்றோடு, அந்த வயிற்றின் மேல் வரிவரியாகக் கதிர் மாதிரி செதுக்கிய வேலை. குதிரைக்குப் பீடத்தின் மேல் ஒரு சிறிய தலை மாத்திரம். காய்களைத் திருகினால் இரண்டு மூன்று துண்டுகளாகக் கழன்று வந்தன. உள்ளே மரை வெட்டியிருந்தது. இது இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஏராளமாகச் செய்து விற்ற ஒரு மாதிரி. வயிற்றிலுள்ள செதுக்கலை வைத்து 'பார்லிகார்ன்', அதாவது வாற்கோதுமை மணி, என்று பெயர். நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் இருந்த காய்கள். 1849இல் நதானியல் குக் என்பவர் பதிவு செய்து, லண்டன் ஜாக்ஸ் கம்பெனி செய்து, ஹோவர்ட் ஸ்டாண்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரால் விற்ற புதிய மாதிரி வந்தபின், இந்தப் பழைய மாதிரிகள் மெல்ல மெல்ல ஒழிந்துபோயின. இன்று உலகப் போட்டிகளில் ஆடுவதெல்லாம் ஸ்டாண்டன் மாதிரிதான். அதில் பெரும்பகுதி நம் அமிர்தசரஸில் கடைசல் பிடித்துப் போகிறது என்பது தனிக் கதை.

அடுத்தது, தந்தமா என்ற கேள்வி. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய வளைகோடுகள் தெரியும், வலை மாதிரி. எலும்பில் அவை இரா. அதற்குப் பதில் கறுத்த சிறு புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். உயிரோடு இருந்த நாளில் ரத்தம் ஓடிய குழாய்கள் அவை. காய்ச்சின ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். ஒரு நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் பொருளுக்குச் சூடு போட வேண்டியதில்லை. ராஜாவின் அடியில் பூதக்கண்ணாடியை வைத்தேன். புள்ளிகள் தெளிவாக இருந்தன.

எலும்பு. இந்த வகைக் காய்களுக்கு என்ன எலும்பு உபயோகித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாட்டு எலும்பு.

பேரன் சென்னையிலே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கெட்டிக்காரப் பையன். "கார்பன் டெஸ்ட் எடுத்தால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடுமே, சார்?" என்று கேட்டான். பலருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. கார்பன் சோதனை சொல்வது பிராணி உயிரோடு இருந்த காலத்தை. அதை எவன், எப்போது செதுக்கினான் என்று அது சொல்லாது. நூறு வருஷம் பழைய தந்தத்தை வாங்கி நேற்றுச் செதுக்கியிருந்தாலும் சோதனை நூறு வருஷம் என்றே சொல்லும். அதோடு, சுமார் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1950 வரையிலுள்ள காலத்தில் இந்தச் சோதனை மிகவும் தடுமாறும். ஒரே அளவுக்கு இரண்டு மூன்று காலங்கள் பொருந்தும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் கெடுத்த பிற்பாடு உயிரோடிருந்ததா என்பதை மாத்திரம் அது நன்றாகவே சொல்லும். வருங்காலத்துக்கு நம் நூற்றாண்டு விட்டுப்போகிற கையெழுத்து அது!

இதற்குள் பையன் இன்னொன்று சொன்னான். சென்னையில் பழம்பொருள் வாங்குகிற ஒருவரிடம் படம் அனுப்பியிருக்கிறான். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது தந்தம். தந்தம் விற்பது குற்றம். வெளியே தெரிந்தால் உனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. ஐயாயிரம் தருகிறேன், சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போ" என்றாராம்.

சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது வாஸ்தவம்தான். 1972இல் வந்த வன உயிர் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1986இலும் 1991இலும் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை, ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட, அடியோடு நிறுத்திவிட்டன. ஆனால் மாட்டு எலும்புக்கு அந்தச் சட்டம் கிடையாது. அந்த மனிதருக்கு இது தந்தமல்ல என்று தெரியுமா, தெரியாதா? படத்தை மட்டும் பார்த்து ஏமாந்திருக்கலாம். தெரிந்தேதான், பயத்தைக் காட்டி விலையைக் குறைத்தார் என்றும் இருக்கலாம். இம்மாதிரிக் காய்கள் வெளிநாட்டு ஏலங்களில் சில நூறு பவுனுக்குப் போகின்றன. குபேர சம்பத்து எதுவுமில்லை, ஆனால் ஐயாயிரத்தைவிட அதிகம். (நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது என்பது வேறு விஷயம்.)

பழைய ரோமாபுரியில் சிசரோ, மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய புத்தகத்தில், ஒரு வழக்கு வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேருகிறான். பின்னாலேயே வேறு பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் வழியில் பார்த்திருக்கிறான். ஜனங்களுக்கு அது தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் கிடைத்த விலைக்கு விற்கலாமா? டையோஜினஸ் என்ற தத்துவ ஞானி, "பொய் சொல்லக் கூடாது, மற்றபடி தெரிந்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை" என்கிறார். அவருடைய சீடர் ஆன்டிபேட்டர், "மனிதனுக்கு மனிதன் இதைக்கூடச் சொல்லாவிட்டால் கூடி வாழ்வது எதற்காக?" என்கிறார். சிசரோ சீடரின் பக்கம் சாய்கிறார்.

இரண்டாயிரம் வருஷம் கழித்தும் பழம்பொருள் வியாபாரம் குருவின் பக்கமே நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்காத்லாந்துக்கு மேற்கே லூயிஸ் என்று ஒரு தீவு. அங்கே 1831இல் ஒரு சதுரங்கப் புதையல் வெளிவந்தது. வால்ரஸின் தந்தத்தில் செதுக்கிய காய்கள். 12ஆம் நூற்றாண்டில் அநேகமாக நார்வேயில் செய்தவை. பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, கொஞ்சம் எடின்பரோவில். அந்தப் புதையலில் சேர வேண்டிய ஐந்து காய்கள் காணாமலே இருந்தன. 1964இல் எடின்பரோவில் ஒரு பழம்பொருள் வியாபாரி, ஒரு காவல்வீரன் உருவத்தை 5 பவுனுக்கு வாங்கி, 'வால்ரஸ் தந்தச் சதுரங்க வீரன்' என்று கணக்கில் எழுதிவைத்தார். பிறகு அது அவர் குடும்பத்தில் ஒரு மேஜை இழுப்பறையில் கிடந்தது. 2019இல் பேரப்பிள்ளைகள் அதை ஏலக்கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். காணாமற்போன ஐந்தில் ஒன்று அது என்று தெரிந்தது. 7,35,000 பவுனுக்குப் போயிற்று.

வாங்கியவரும் அறியவில்லை, விற்றவரும் அறியவில்லை. ஆகவே இதில் பாவம் யாருக்கும் இல்லை. ஆனாலும் 1964இல் 5 பவுன் வாங்கிக்கொண்டு போன அந்த ஆளைப் பற்றி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அந்த வீரனின் மேல் 55 வருஷத்தில் ஒரு கீறல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. கூடியது அவனைப் பற்றிய அறிவு மாத்திரம். அந்த அறிவு எங்கோ மியூசியத்தில் உட்கார்ந்து நூறு வருஷமாகக் காய்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு. பணம் போனதோ இழுப்பறை வைத்திருந்தவர்களுக்கு. அறிவின் விலையை அறிவாளிகள் வாங்கிக்கொண்டதாகச் சரித்திரம் அதிகம் இல்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆரணியில் அன்று என் கையில் இருந்தது இதைவிட எளிய வழக்கு. ஆனால் எனக்கு அது கஷ்டமாக இருந்தது. வியாபாரி சொன்னது தப்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தந்தமில்லை என்றால் பயம் போகும். ஆனால் தந்தமில்லை என்றால் என்ன? பூஜை அலமாரி கண்முன்னால் இருந்தது. மருமகள் நெற்றியில் விபூதியோடு நிலைப்படியில் நின்றாள். அந்த வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை என்று நண்பர் வரும்போதே சொல்லியிருந்தார். என்னைக் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை வருஷம், எந்த ஊர். எதனால் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. தந்தம் என்பது அவர்களுக்கு முன்னமே தெரிந்த விஷயம்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத் தகும் என்று வள்ளுவர் சலுகை கொடுத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறவர்கள் அதிலுள்ள நிபந்தனையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். நான் "எலும்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பொய்யல்ல. "ஏதோ பிராணியின் எலும்பு" என்றால் அதுவும் பொய்யல்ல. டையோஜினஸ் என் தோளைத் தட்டிக்கொடுப்பார். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு இன்னொருவரிடம் கொண்டுபோவான், அவர் சொல்வார், அப்போது இந்த வீட்டார், "அன்றைக்கு வந்தவருக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை" என்று நினைப்பார்கள். இது ஒன்று. இன்னொன்றும் உண்டு. மனிதர்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவர்களைக் கேட்காமலே தீர்மானிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? கதாபாத்திரங்களிடம் அப்படி நடந்துகொள்ளலாம். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மோர் கொடுக்கிறவர்களிடம் முடியாது.

சொன்னேன். இங்கிலாந்தில் செய்தது, நூற்றைம்பதிலிருந்து இருநூறு வருஷத்துக்குள் இருக்கும், தந்தம் அல்ல, எலும்பு என்று.

"என்னா எலும்பு?" என்றார் பெரியவர்.

"மாடு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தெருவில் எங்கோ ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் நிலையைவிட்டு உள்ளே போனாள். பிறகு பெரியவர் ராஜாவை எடுத்து, குங்குமத்தைக் கட்டை விரலால் தேய்த்தபடி சொன்னார்:

"தந்தம்னா மட்டும் என்னா சார்? அதுவும் செத்த யானையோட பல்லுதானே. நாங்க நெய்யிறது மட்டும் என்னாங்குறீங்க? ஒரு பொடவைக்கு எத்தினி ஆயிரம் கூடு! அத்தினியும் உசுரோட வெந்நியில வெந்துதானே நூலா வருது? அதைத்தானே மடின்னு சொல்லி சாமிக்குக் கட்டுறோம்?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவும் இல்லை. அறுபது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதர், இந்தக் கணக்கை இன்றைக்குத்தான் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பருத்தியைத் தீட்டென்றும் பட்டைச் சுத்தமென்றும் எந்தச் சாஸ்திரத்தில் எப்படி வந்தது என்று பண்டிதர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். நாம் சுத்தம் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடச் சம்மதிப்பதுதானோ என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் அதை ஒரு தத்துவமாக்கிவிடவும் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் பெரியவர் அப்படிப் பேசியபோதிலும், நான் புறப்படும்போது பெட்டி பூஜை அலமாரிக்குத் திரும்பிப் போகவில்லை. பீரோவின் மேல் இருந்தது. மருமகள் வைத்திருந்தாள். மாமனாரின் நியாயம் அவளுக்குப் போதவில்லை. அவளுடைய நியாயத்தையும் நான் குறைத்து மதிக்க மாட்டேன். மாமியார் காலத்திலிருந்து வருஷா வருஷம் தன் கையால் வைத்த பொட்டு அது. உண்மைக்கு விலை உண்டு என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த விலையை உண்மையைச் சொன்னவன் கொடுக்கிறானா, கேட்டவள் கொடுக்கிறாளா என்று கவனிப்பதில்லை.

ஜாகீர்தார் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது போகவில்லை. முந்நூறு வருஷம்தான் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைப்பட்டணத்துக் கடைகளில் சீமைச் சாமான் கிடைத்தது. ஆரணி அரண்மனைக்கு வாங்கும் வசதி இருந்தது. ஓர் அங்கவஸ்திரத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து கையிலிருந்ததைத் தூக்கிக் கொடுப்பது அந்தக் காலத்துப் பிரபுக்களுக்குச் சுபாவம். நடந்திருக்கலாம். நடந்தது என்று எந்தக் காயிலும் எழுதியிருக்கவில்லை. காய்களைக் கொண்டு காய்களின் வயதைத்தான் சொல்ல முடியும். கொடுத்த கையை அவை காட்டா.

இதைவிட எனக்குச் சுவையாக இருந்தது வேறொன்று. சிவப்புப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் எலும்பு அல்ல, மரம். கறுத்த கெட்டி மரம், கடைசல் கொஞ்சம் கோணல். "அது எங்கப்பா பண்ணது" என்றார் பெரியவர். சின்ன வயதில் தாமும் தம்பியும் இரண்டு சிப்பாய்களைத் தொலைத்துவிட்டதாகவும், அப்பா உதைத்துவிட்டு, மறுநாள் உடைந்த நாடாக்கட்டை ஒன்றைச் சீவிக் கடைந்து இந்த இரண்டையும் செய்து வைத்ததாகவும் சொன்னார். முப்பத்திரண்டு காய்களில் இந்த இரண்டுக்குத்தான் செய்தவன் யார், எந்த ஊர், எந்த மரம், எதற்காகச் செய்தான் என்ற சகல விவரமும் இருக்கிறது. வியாபாரி அந்த இரண்டைக் காட்டித்தான் இன்னும் விலையைக் குறைத்தாராம். வியாபாரத்தின் கணக்கு அப்படி. அதில் தவறு சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அதுதான் ஒரே கணக்கு என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

செய்தவன் பெயர் தெரிவது எவ்வளவு அபூர்வம் என்பதற்குப் பாரிஸிலுள்ள ஒரு யானையைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தந்தத்தில் செதுக்கிய யானை, அதன் மேல் ஒரு ராஜா, சுற்றிக் குதிரை வீரர்கள். பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீத், சார்லமேன் சக்கரவர்த்திக்கு அனுப்பிய சதுரங்கத்தில் இது ராஜா என்று ஐரோப்பா வெகுகாலம் நம்பிற்று. அங்கேயே 'சார்லமேன் சதுரங்கம்' என்ற பெயரில் வேறு சில காய்களும் உண்டு. ஆராய்ந்ததில், அந்தக் காய்கள் சார்லமேன் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், தெற்கு இத்தாலியில் செய்தவை என்று தெரிந்தது. யானை மாத்திரம் தனி. அது இந்தியப் பக்கத்து வேலை, 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு என்று பலரும், இல்லை பிந்தியது என்று சிலரும் சொல்கிறார்கள். சதுரங்கக் காய்தானா என்றே சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் அதன் அடிப்பாகத்தில் அரபி எழுத்தில் ஒரு வாக்கியம் வெட்டியிருக்கிறது: இது யூசுப் அல் பாஹிலியின் வேலை என்று. சக்கரவர்த்தியின் பெயர் பொய்யாய்ப்போய், கலீபாவின் பெயரும் பொய்யாய்ப்போய், ஒரு யூசுப்பின் பெயர் நிற்கிறது.

ஆரணிப் புடவைக்கு இந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஆரணியிலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்று வட்டாரங்களிலும் நெய்த புடவை, கடை ஷோகேஸுக்குப் போகும்போது காஞ்சிபுரமாகிவிடுவதை வாங்குகிறவர்கள் தவிர எல்லோரும் அறிவார்கள். பெரியவரைக் கேட்டேன். சிரித்தார். "பேரு அவங்களுக்கு, கூலி எங்களுக்கு" என்றார். சரி, அது ஆரணிப் புடவைதான் என்று வாதாடினாலும், பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஜரிகை அசலா என்று பார்க்க அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும் என்பார்கள். ஊர் அசலா என்று எதைச் சுரண்டிப் பார்ப்பது? கடைசியில் ஆரணி என்று சொல்ல மிஞ்சுவது பதினைந்து நாள் தறிக்குழியில் இறங்கிய இரண்டு கால்களும் நாடா எறிந்த இரண்டு கைகளும். அதைத்தான் சீட்டில் எழுதுவதில்லை.

சதுரங்கத்தின் ஊரும் இப்படித்தான். நம்முடைய ஆட்டம் என்று நாம் பெருமைப்படுகிறோம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில், ஈசனே சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை வென்றதாகத் தலபுராணம். சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரேபியர் கையில் ஐரோப்பா போய், அங்கே அடக்கமாக ஓரோர் கட்டம் நகர்ந்துகொண்டிருந்த மந்திரி, பலகை முழுதும் பாயும் ராணியாகிவிட்டாள். அப்புறம் புது விதியோடும் புது உருவத்தோடும் கப்பலேறி நம்மிடமே திரும்பி வந்தது. அந்தப் பயணத்தின் அடையாளம் ஆரணிப் பெட்டியிலேயே இருந்தது. பெரியவருக்கு அதைக் காட்டினேன்.

ஆங்கிலேயர் 'பிஷப்', அதாவது பாதிரியார், என்று சொல்கிற காயின் தலையில் ஒரு வெட்டு இருக்கும். பாதிரியாரின் குல்லாயில் உள்ள பிளவு என்று அர்த்தம் சொல்வார்கள். அந்தக் காய் நம் ஊரிலிருந்து புறப்பட்டபோது யானை. உருவம் செதுக்க விரும்பாத முஸ்லிம் தச்சர்கள், யானையைக் கழித்துக் கழித்து, ஒரு கட்டையும் அதன் தலையில் இரண்டு மொட்டு முளைகளுமாக ஆக்கினார்கள். முளைகள் இரண்டும் தந்தங்கள். ஐரோப்பியர் கைக்கு அது போனபோது அவர்களுக்கு யானையும் தெரியவில்லை, தந்தமும் தெரியவில்லை. இரண்டு முனையுள்ள தலை என்றதும் பாதிரியாரின் குல்லாயாகப் பட்டது. ஸ்பானிய மொழியில் மட்டும் அந்தக் காய்க்கு இன்றைக்கும் 'அல்ஃபில்' என்று பெயர். அரபியில் யானை என்று அர்த்தம். ரஷ்யர்களும் அதை யானை என்றே சொல்கிறார்கள்.

பெரியவர் அந்த எலும்புப் பாதிரியாரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, வெட்டில் நகத்தை வைத்து அளந்து பார்த்தார்.

"அப்ப தந்தம்னு எங்க தாத்தா சொன்னது இதைத்தானோ என்னமோ" என்றார்.